ஆய்வாளர்களுக்கான கிரீன் கார்டு: ஈபி-1ஏ, ஈபி-1பி, தேசிய நலன் விலக்கு ஆகியவற்றில் எது யாருக்குப் பொருந்தும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் பணிபுரியும் தமிழ் ஆய்வாளர்கள் அண்மைக் காலமாக எனக்கு அனுப்பும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கின்றன. "என்னிடம் இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள் இருக்கின்றன. ஈபி-1ஏ மனு போடலாமா, என்.ஐ.டபிள்யூ. போதுமா, பல்கலைக்கழகத்திடம் ஈபி-1பி கேட்டுப் பார்க்கலாமா?" மூன்றும் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையைத் தரும் கிரீன் கார்டுக்கான வழிகள்; என்.ஐ.டபிள்யூ. என்பது தேசிய நலன் விலக்கின் ஆங்கிலச் சுருக்கம். கேட்பவர்களின் தவிப்பு எனக்குப் புரியும், நானும் அதே தவிப்பில் இரண்டு ஆண்டுகளைக் கழித்தவன். ஆனால் இந்தக் கேள்வி தொடங்கும் இடமே சரியில்லை என்று இப்போது உறுதியாக எண்ணுகிறேன். எந்தப் பிரிவில் ஒப்புதல் கிடைக்கும் என்று ஆராய்வதற்கு முன், எந்த வரிசையில் நிற்கப் போகிறோம், மனு யாருடைய கையில் இருக்கப் போகிறது என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேற்கோள் எண்ணிக்கை அதற்குப் பிறகு வருவது.

நான் ஆய்வாளன், வழக்கறிஞன் அல்லன். கீழே உள்ள கட்டணங்களும் தேதிகளும் 2025ஆம் ஆண்டு இறுதி வரையிலான நிலவரத்தைக் கொண்டு எழுதப்பட்டவை. மனுவைத் தாக்கல் செய்யும் வாரத்தில் அவற்றைக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.இன் தளத்தில் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## எவற்றை அளவுகோலாகக் கொள்வது

நான் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்: வரிசையின் நீளம், மனுவின் உரிமை, ஆதாரச் சுமை, பணமும் காலமுமாகிய செலவு, இப்போது கையில் இருக்கும் விசாவோடு மனு எப்படி ஒத்துப்போகும் என்பது. இவற்றில் முதலாவது மற்ற நான்கையும் புரட்டிப் போடக்கூடியது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 என்ற அளவை வகுத்தது. மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் இந்த எண்ணிக்கைக்குள்தான் அடங்குவர். முதல் பிரிவான ஈபி-1க்கும் இரண்டாம் பிரிவான ஈபி-2க்கும் தலா 28.6 சதவீதம், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 40,000 கிடைக்கிறது. இதன் மேல், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. பிற நாட்டினர் பயன்படுத்தாத இடங்கள் மீதமிருந்தால் மட்டுமே வரம்பைத் தாண்டி ஒரு நாட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். இந்தியாவில் பிறந்த விண்ணப்பதாரர்களின் எண்ணிக்கை இந்த வரம்பைப் போல் பல மடங்கு இருப்பதால்தான் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டின், எந்தத் தேதிக்கு முன் வரிசையில் இடம் பிடித்தவர்களுக்குக் கிரீன் கார்டு கிடைக்கும் என்பதை இறுதி நடவடிக்கைத் தேதியாக அறிவிக்கிறது. 2025 டிசம்பர் மாதப் புல்லட்டினில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான அந்தத் தேதி ஈபி-2 பிரிவில் 2013ஆம் ஆண்டின் மே மாதத்திலும், ஈபி-1 பிரிவில் 2022ஆம் ஆண்டின் மார்ச் மாதத்திலும் நின்றது. ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு இரண்டு பிரிவுகளுக்கும் இடையே ஏறக்குறைய 9 ஆண்டு இடைவெளி. ஒருவர் என்.ஐ.டபிள்யூ. மனுவில் ஒப்புதல் பெற்றதைக் கொண்டாடும்போது, அவர் உண்மையில் எந்த வரிசையின் வாலில் நிற்கிறார் என்பதை இந்த ஒரு வேறுபாடே சொல்லிவிடும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. வரிசையைத் தீர்மானிப்பது குடியுரிமை அன்று, பிறந்த நாடு. யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பிறந்த தமிழ் ஆய்வாளருக்கு இந்திய வரிசையோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவர்களுக்கு 2025 முழுவதும் ஈபி-1 பிரிவில் காத்திருப்பே இல்லை. ஈபி-2 பிரிவில் பெரும்பாலும் 2023ஆம் ஆண்டுத் தேதிகள் நடந்துகொண்டிருந்தன. அதேபோல், சென்னையில் பிறந்து இப்போது கனடியக் குடிமகனாக இருப்பவர் இந்திய வரிசையில்தான் நிற்பார். கணவன் மனைவியரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், மற்றவர் அந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மனைவி கொழும்பில் பிறந்தவர் என்ற உண்மையை வழக்கறிஞரிடம் சொல்லாமலே ஆறு ஆண்டுகள் காத்திருந்த ஒருவரை நான் அறிவேன்.

வரிசையில் நம் இடத்தைக் குறிப்பது முன்னுரிமைத் தேதி. ஈபி-1ஏ, ஈபி-1பி, என்.ஐ.டபிள்யூ. மனுக்களுக்கு அது குடியேற்ற மனுவான ஐ-140 படிவம் குடியேற்றத் துறையைச் சென்றடைந்த நாள். பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றிதழ் (அந்த வேலைக்கு ஏற்ற அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்பதற்கான சான்று) வழியில் வருவோருக்கு அந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பம் தொழிலாளர் துறையைச் சென்றடைந்த நாள். ஒருமுறை ஐ-140 ஒப்புதல் பெற்றுவிட்டால், மோசடி, குடியேற்றத் துறையின் முக்கியத் தவறு போன்ற சில காரணங்களுக்காக ரத்தாகாத வரை அந்தத் தேதி நம்முடையது. பிற்பாடு முதல் மூன்று பிரிவுகளில் எதில் புதிய மனு ஒப்புதல் பெற்றாலும் பழைய தேதியை அதற்கு எடுத்துச் செல்லலாம். இந்தியாவில் பிறந்த ஆய்வாளருக்கு இதைவிட முக்கியமான விதி வேறொன்று இல்லை என்பது என் கருத்து.

## ஈபி-1ஏ: தனித்திறன் பிரிவு

இதற்கு முதலாளியோ வேலை உத்தரவோ தேவையில்லை. ஆய்வாளர் தாமே மனு செய்யலாம். தம் துறையிலேயே பணியைத் தொடர்வார் என்பதைக் காட்டினால் போதும். நோபல் போன்ற ஒரு பெரும் பரிசு இல்லாதவர்கள் விதிகள் பட்டியலிடும் பத்து ஆதார வகைகளில் குறைந்தது மூன்றை நிறைவு செய்ய வேண்டும். அந்தப் பத்தில் கலைக் கண்காட்சியும் நிகழ்த்துகலையின் வணிக வெற்றியும் ஆய்வாளருக்கு உதவாதவை. உயர் ஊதியம் என்பது கல்விப்புலத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் எட்டாதது. உறுப்பினர் என்ற வகையில், சந்தா கட்டிப் பெறும் சாதாரண உறுப்பினர் நிலை கணக்கில் வராது, மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. போன்றவற்றின் ஃபெல்லோ நிலைக்கே மதிப்பு.

ஆகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் மூன்றையே நம்பி இறங்குகிறார்கள்: பிறர் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்தது, ஆய்வுக் கட்டுரைகள் எழுதியது, துறைக்குப் பெரும் முக்கியத்துவம் வாய்ந்த அசலான பங்களிப்பு செய்தது. முதல் இரண்டும் எளிதில் ஏற்கப்படுகின்றன. போராட்டம் முழுவதும் மூன்றாவதில்தான். 2010ஆம் ஆண்டு ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த கசாரியன் வழக்கு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மனுதாரர் ஒரு கோட்பாட்டு இயற்பியலாளர். மதிப்பாய்வு, கட்டுரைகள் என்ற இரு வகைகளிலும் குடியேற்றத் துறை அவர் மீது விதியில் இல்லாத நிபந்தனைகளைச் சுமத்தியது தவறு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் மூன்றாவது வகை நிறைவேறாததால் அவர் தோற்றார்.

அந்தத் தீர்ப்பிலிருந்து பிறந்ததுதான் இன்றைய இரண்டு கட்டப் பரிசீலனை. முதல் கட்டத்தில் மூன்று வகைகள் எண்ணப்படும். இரண்டாம் கட்டத்தில், ஆதாரங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, இவர் தம் துறையின் உச்சியில் இருக்கும் மிகச் சிலருள் ஒருவரா, இவருடைய புகழ் நீடித்ததா என்று அதிகாரி தீர்ப்புக் கூறுவார். மூன்று வகைகளையும் ஏற்றுக்கொண்ட பிறகு இந்த இரண்டாம் கட்டத்தில் மறுக்கப்படும் மனுக்கள் கணிசமாக உண்டு. மொத்த மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் காட்டுவது இங்கே பயன் தராது. நோயெதிர்ப்பியலில் 500 மேற்கோள்கள் என்பதும் தூய கணிதத்தில் 500 என்பதும் ஒன்றல்ல. அதே துறையில், அதே ஆண்டில் வெளியான கட்டுரைகளோடு ஒப்பிட்டு நம் கட்டுரை எத்தனையாவது சதவீதத்தில் நிற்கிறது என்பதையும், நம் முறையைப் பிறர் எடுத்துத் தம் ஆய்வில் எப்படிக் கையாண்டனர் என்பதையும் காட்டுவதே வலுவான ஆதாரம்.

## ஈபி-1பி: சிறந்த பேராசிரியர் அல்லது ஆய்வாளர்

ஆய்வாளர்களிடையே இந்தப் பிரிவுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன். தாமே மனு செய்வதில் ஒரு பெருமை இருப்பதாகவும், முதலாளியிடம் கேட்பது கை நீட்டுவதைப் போன்றது என்றும் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஈபி-1ஏவும் ஈபி-1பியும் நிற்பது ஒரே வரிசையில். கிடைக்கும் கிரீன் கார்டும் ஒன்றே. ஆதாரச் சுமையோ தெளிவாகக் குறைவு.

இதில் ஆறு வகைகளில் இரண்டை நிறைவு செய்தால் முதல் கட்டம் முடிந்துவிடும். அசலான ஆய்வுப் பங்களிப்பு என்று மட்டுமே விதி கேட்கிறது. "பெரும் முக்கியத்துவம் வாய்ந்த" என்ற சொற்கள் அங்கே இல்லை. இரண்டாம் கட்டத்தில் துறையின் உச்சியில் இருப்பதைக் காட்ட வேண்டியதில்லை. பன்னாட்டளவில் சிறந்தவராக அறியப்பட்டவர் என்று நிறுவினால் போதும். ஓரளவு நல்ல இதழ்களில் எழுதி, மதிப்பாய்வும் செய்துவரும் ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இதற்குரிய நிபந்தனைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. கல்வித்துறையில் குறைந்தது மூன்றாண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம் வேண்டும். முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வைச் சேர்க்க வேண்டுமானால் பட்டம் கைக்கு வந்திருக்க வேண்டும். அந்த ஆய்வு துறையில் சிறப்பானதாக ஏற்கப்பட்டிருக்கவும் வேண்டும். வேலை நிரந்தரமானதாக இருக்க வேண்டும்; அதாவது பணிக்காவல் (டென்யூர்) பெற்ற பதவி, அதை நோக்கிய பதவி, அல்லது முடிவுத் தேதி குறிக்கப்படாத ஆய்வுப் பதவி. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பதவிகளான போஸ்ட்டாக் பதவிகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. பல பல்கலைக்கழகங்கள் அப்பதவியைத் தம் விதிகளிலேயே பயிற்சிக்காலம் என்று வரையறுத்திருப்பதால் மனு செய்வதில்லை. தனியார் நிறுவனமாயின் முழுநேர ஆய்வாளர் மூவரேனும் அங்கே இருக்க வேண்டும். ஆய்வுத்துறையில் அந்நிறுவனத்துக்கு ஆவணப்படுத்தப்பட்ட சாதனையும் வேண்டும். அரசுத் துறை நேரடியாக மனுதாரராக இருக்க முடியாது என்பதால், மத்திய அரசு ஆய்வகத்தில் அரசு ஊழியராகவே இருப்பவருக்கு இந்த வழி பொதுவாக அடைபட்டிருக்கிறது.

மறைவான விலை என்னவென்றால், மனு நிறுவனத்துக்குச் சொந்தம். கூடுதல் ஆதாரம் கேட்டு வரும் ஆர்.எஃப்.இ. கடிதம் நிறுவனத்தின் வழக்கறிஞருக்குப் போகும். ஆய்வு நிதி தீர்ந்து வேலை போனால், இறுதி விண்ணப்பமான ஐ-485 தாக்கலாகி 180 நாட்கள் கடந்திருந்தாலன்றி, அந்த மனுவைக் கொண்டு கிரீன் கார்டு பெற முடியாது. ஆனால் இழப்பு முழுமையானது என்று அஞ்ச வேண்டியதில்லை. முன்னுரிமைத் தேதி நம்மிடமே தங்கும்; ஐ-140 ஒப்புதல் பெற்று 180 நாட்கள் ஆகியிருந்தால், நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் வேலை விசாவான எச்-1பியின் நீட்டிப்புக்கு அது அடிப்படையாக நிற்கும். ஆகவே ஒப்புதல் அறிவிப்பின் படியை அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டு விலகிய பிறகு அதைக் கேட்டுப் பெறுவது பெரும்பாடு.

## என்.ஐ.டபிள்யூ.: தேசிய நலன் விலக்கு

இது ஈபி-2 பிரிவின் உட்பிரிவு. முதுகலை அல்லது முனைவர் பட்டம் பெற்றவர், வேலை உத்தரவும் தொழிலாளர் சான்றிதழும் தமக்குத் தேவையில்லை என்று விலக்குக் கோரித் தாமே மனு செய்யலாம். முனைவர் பட்ட மாணவரும் முதுகலைப் பட்டத்தைக் கொண்டு செய்யலாம்.

2016ஆம் ஆண்டு டிசம்பரில் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தனசார் என்பவரின் மனுவில் வெளியிட்ட முடிவு இன்றைய அளவுகோலை வகுத்தது. முன்வைக்கும் பணித்திட்டம் தகுதி வாய்ந்ததும் தேசிய முக்கியத்துவம் உடையதுமாக இருக்க வேண்டும். அதை நடத்திச் செல்லும் நிலையில் மனுதாரர் இருக்க வேண்டும். விலக்கு அளிப்பது நாட்டுக்கு நன்மை என்று ஒட்டுமொத்தமாகத் தெரிய வேண்டும். அந்த மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர். ஆய்வோடு கற்பித்தலையும் தம் திட்டமாக முன்வைத்தார். அவருடைய உந்துவிசை ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றுக்கொண்ட மேல்முறையீட்டு அலுவலகம், வகுப்பறைக் கற்பித்தல் மதிப்புக்குரியதாயினும் அதன் தாக்கம் தேசிய அளவில் பரவுவதாகக் காட்டப்படவில்லை என்று கூறியது. தம் மனுவில் கற்பித்தலுக்குப் பக்கங்களை ஒதுக்கும் ஆய்வாளர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு பிழை, துறையின் முக்கியத்துவத்தைத் தம் திட்டத்தின் முக்கியத்துவமாக எழுதுவது. புற்றுநோய் ஆய்வு நாட்டுக்கு முக்கியம் என்பதை அதிகாரிக்கு யாரும் நிறுவிக் காட்ட வேண்டியதில்லை. இந்த ஆய்வாளர் அடுத்த சில ஆண்டுகளில் குறிப்பாக என்ன செய்யப் போகிறார், அதன் பயன் அவர் பணிபுரியும் ஆய்வகத்துக்கு வெளியே எப்படிச் சென்றடையும் என்பதே கேள்வி. என் முதல் மனுவுக்கு வந்த ஆர்.எஃப்.இ. கடிதம் சரியாக இந்த இடத்தைத்தான் சுட்டிக்காட்டியது. பன்னிரண்டு பக்கங்களில் என் துறையைப் பற்றி எழுதியிருந்தேன். என் திட்டத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது.

2022ஆம் ஆண்டில் அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்குச் சாதகமான வழிகாட்டுதல் வந்தது. அதன் பின் மனுக்கள் பெருகின, பரிசீலனையும் கடுமையாகிவிட்டது. 2025 ஜனவரியில் வந்த திருத்தம், பட்டத்துக்கும் முன்வைக்கும் திட்டத்துக்கும் உள்ள தொடர்பை உற்றுநோக்குமாறு அதிகாரிகளுக்குச் சொல்கிறது. எளிதான வழி என்று மூத்தவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் சொன்னதை நம்பி இன்று இறங்கக் கூடாது.

இந்தியாவில் பிறந்தவருக்கு என்.ஐ.டபிள்யூ. மட்டும் கிரீன் கார்டைக் கண்ணுக்கெட்டிய காலத்தில் தராது. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, அது முன்னுரிமைத் தேதியைப் பதிவு செய்துவிடுகிறது. 2021ஆம் ஆண்டு இறுதியில் என்.ஐ.டபிள்யூ. மனு செய்து ஒப்புதல் பெற்ற ஒருவர், 2025இல் ஈபி-1ஏவிலோ ஈபி-1பியிலோ ஒப்புதல் பெற்றிருந்தால், அந்த டிசம்பரிலேயே அவருடைய தேதி ஈபி-1 வரிசையில் வந்துவிட்டிருக்கும். 2025இன் தேதியோடு தொடங்குபவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, எச்-1பி விசாவில் இருப்பவருக்கு, ஒப்புதல் பெற்ற ஐ-140 இருந்து வரிசை நகராதிருந்தால், ஆறாண்டு வரம்புக்கு அப்பாலும் மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டிப்புக் கிடைக்கும். எச்-4 விசாவில் இருக்கும் அவருடைய மனைவி அல்லது கணவர் 2015ஆம் ஆண்டு விதிப்படி வேலை அனுமதியும் பெறலாம். இரண்டு பேருமே படித்துப் பட்டம் பெற்று, ஒருவர் மட்டும் வீட்டில் முடங்கிக் கிடக்கும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

## பெர்ம் வழியைப் பற்றி

பல்கலைக்கழகம் பெர்ம் வழியில் ஈபி-2 மனு செய்ய முன்வந்தால் அது நிற்பதும் என்.ஐ.டபிள்யூ. நிற்கும் அதே வரிசையில்தான். கற்பித்தல் பணியும் கொண்ட பேராசிரியர் பதவிக்குத் தேர்வு நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் தாக்கல் செய்யும் சிறப்பு நடைமுறை இருக்கிறது. ஆய்வு மட்டுமே செய்யும் பதவிக்கு அது கிடையாது. பெர்மின் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது சட்டம். கட்டுரைப் பட்டியல் இன்னும் வளராத இளம் பேராசிரியருக்கு இது நல்ல வழி. ஆய்வாளர் பதவிகளில் இருப்போருக்கு நான் இதை முதலில் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஈபி-1ஏ | ஈபி-1பி | என்.ஐ.டபிள்யூ. |
|---|---|---|---|
| மனுதாரர் | ஆய்வாளர் தாமே | நிறுவனம் | ஆய்வாளர் தாமே |
| நிரந்தர வேலை உத்தரவு | தேவையில்லை | தேவை | தேவையில்லை |
| ஆதாரம் | பத்தில் மூன்று, பிறகு ஒட்டுமொத்த மதிப்பீடு | ஆறில் இரண்டு, பிறகு ஒட்டுமொத்த மதிப்பீடு | தனசார் முடிவின் மூன்று கூறுகள் |
| இந்தியாவில் பிறந்தவருக்கு நடந்த தேதி (2025 டிசம்பர்) | 2022 மார்ச் | 2022 மார்ச் | 2013 மே |
| ஐ-140 கட்டணம் | 715 டாலர், புகலிடத் திட்டக் கட்டணம் 300 டாலர் | 715 டாலர். புகலிடத் திட்டக் கட்டணம் நிறுவனத்தைப் பொறுத்தது | 715 டாலர், புகலிடத் திட்டக் கட்டணம் 300 டாலர் |
| பிரீமியம் பரிசீலனை (கூடுதல் கட்டணத்தில் விரைவு முடிவு) | 15 வேலை நாட்கள் | 15 வேலை நாட்கள் | 45 வேலை நாட்கள் |
| வேலை மாறினால் | மனு நிற்கும். துறை மாறக் கூடாது | தேதி நிற்கும். கிரீன் கார்டுக்குப் பெரும்பாலும் புதிய மனு வேண்டும் | மனு நிற்கும். திட்டம் தொடர வேண்டும் |

புகலிடத் திட்டக் கட்டணம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தாமே மனு செய்வோருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் 300 டாலர், மற்ற நிறுவனங்களுக்கு 600 டாலர். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அது இல்லை.

## பட்டியலில் வராத செலவுகள்

பிரீமியம் கட்டணம் 2024 பிப்ரவரியில் 2,805 டாலராக உயர்ந்தது. அது அவ்வப்போது ஏறக்கூடியது. விசா காலம் முடியப்போகும் எச்-1பி ஆய்வாளருக்கு அந்தப் பணம் தகும். ஆனால் பதின்பருவப் பிள்ளைகள் உள்ளவர்கள் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் பெற்றோரின் மனுவிலிருந்து விலக நேரிடும். அந்த வயதைக் கணக்கிடும்போது ஐ-140 பரிசீலனையில் இருந்த நாட்கள் கழிக்கப்படுகின்றன. பிரீமியத்தில் சில வாரங்களில் ஒப்புதல் வாங்கினால் கழிக்கச் சில வாரங்களே இருக்கும். சாதாரண வழியில் ஓராண்டு கிடந்த மனுவுக்கு ஓராண்டு கழியும். 2025 ஆகஸ்ட் 15 முதல் இந்தக் கணக்குக்கு விசா புல்லட்டினின் இறுதி நடவடிக்கைத் தேதிகளே அடிப்படை என்று ஆகிவிட்டதால், நீண்ட வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு மாதமும் கணக்குத்தான்.

ஜே-1 (பரிமாற்ற வருகையாளர்), எஃப்-1 (மாணவர்) விசாக்களில் இருப்பவர்கள் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விரண்டும் திரும்பிச் செல்லும் எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஐ-140 தாக்கல் செய்த பிறகு ஊருக்குப் போய்த் தூதரகத்தில் புது விசா கேட்டால், உங்கள் பெயரில் குடியேற்ற மனு எதுவும் உண்டா என்று விண்ணப்பப் படிவமே கேட்கும். உண்மையைச் சொல்ல வேண்டும். விசா மறுக்கப்படும் அபாயம் மெய்யானது. வயதான பெற்றோர் ஊரில் இருக்க, இதன் பாரத்தை டாலரில் எழுதிக் காட்ட முடியாது. எச்-1பிக்கு மாறிய பின் மனு செய்தால் இந்தச் சிக்கல் எழாது.

ஜே-1 தொடர்பாகப் பெயர்க் குழப்பம் ஒன்றும் நிலவுகிறது. இரண்டாண்டு தாயகத்தில் தங்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டவருக்கு, தேசிய நலன் விலக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்குத் தராது. இரண்டும் வெவ்வேறு விலக்குகள். ஐ-140க்கு ஒப்புதல் கிடைக்கும். ஐ-485 தாக்கல் செய்ய முடியாது. எச்-1பி நிலையும் கிடைக்காது. எந்த நாட்டினர் எந்தத் துறைகளில் இந்த நிபந்தனைக்கு உட்படுவர் என்று காட்டும் திறன் பட்டியல் 2024 டிசம்பர் 9 அன்று திருத்தப்பட்டது. அதில் இந்தியா இல்லை என்பதால், அந்தப் பட்டியலின் காரணமாக மட்டும் நிபந்தனைக்கு உட்பட்டிருந்தவர்கள் விடுபட்டார்கள். அரசு நிதியில் வந்தவர்களை அந்தத் திருத்தம் தொடவில்லை.

பரிந்துரைக் கடிதங்களைத் திரட்டுவதற்கு ஆகும் மாதங்களையும் செலவாகவே எண்ண வேண்டும். உடன் எழுதியவர்களின் கடிதங்கள் ஆய்வில் நம் பங்கு என்ன என்பதை விளக்கப் பயன்படும். துறை அந்தப் பங்கை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதை நம்மை நேரில் அறியாதவர்களே நம்பத்தக்க வகையில் சொல்ல முடியும். நம் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களுக்கு எழுதிக் கேட்பது கூச்சத்தைத் தரும் வேலைதான். பதில் வராத கடிதங்களே அதிகம் இருக்கும்; ஆனால் வரும் இரண்டு மூன்று கடிதங்கள் மனுவின் நிறத்தையே மாற்றிவிடும்.

## யார் எதைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் முடிவுத் தேதியற்ற ஆய்வாளர் பதவியில் எச்-1பியோடு இருப்பவர் முதலில் துறைத் தலைவரிடம் ஈபி-1பி பற்றிப் பேச வேண்டும். பதவி உயர்வு, மறுநியமனம் பேசும் நேரமே அதற்கு ஏற்ற நேரம். நிறுவனம் மறுத்தாலோ, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டாலோ, அதற்குள் என்.ஐ.டபிள்யூ. தாக்கல் செய்து தேதியைப் பதிவு செய்துகொள்ளலாம். ஒருவரே இரண்டு மனுக்களை ஒரே சமயத்தில் நடத்துவதற்குத் தடையில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் மட்டும் உண்டு.

இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்தவருக்கு இந்தக் கணக்கு வேறு. ஈபி-1 ஒப்புதல் கிடைத்தால் ஐ-485ஐ உடனே தாக்கல் செய்ய முடிகிற நிலைமை 2025 முழுவதும் இருந்ததால், தகுதி எல்லையில் நிற்பவரும் ஈபி-1பியை முயல்வது பொருத்தம். அது வாய்க்காதவர் என்.ஐ.டபிள்யூ. வழியில் இரண்டு மூன்று ஆண்டுக் காத்திருப்பைத் தாங்கிக்கொள்ளலாம். ஈபி-1ஏவுக்காக ஆதாரம் சேர்த்துக்கொண்டே நான்காண்டுகளைக் கடத்துவது அவருக்கு இழப்பு.

நிறுவனத்தை விட்டு விலகித் தொழில்முனைவில் இறங்க எண்ணுபவர், அரசு ஆய்வகத்தில் நேரடி ஊழியராக இருப்பவர், ஆய்வு நிதி எந்த ஆண்டு முடியும் என்று தெரியாத நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு ஈபி-1ஏ தரும் சுதந்திரம் அதன் ஆதாரச் சுமைக்கு ஈடானது. மறுக்கப்பட்டால் மீண்டும் மனு செய்யத் தடையில்லை. ஆனால் மறுக்கப்பட்ட மனு முன்னுரிமைத் தேதியைத் தராது. பழைய மனுவில் எழுதியவை கோப்பில் இருக்கும். அடுத்த மனு அவற்றுக்கு முரணாகப் பேசக் கூடாது. அதனால்தான், கையில் எந்தத் தேதியும் இல்லாத இந்தியப் பிறப்பினர் முதல் மனுவாக வலுவற்ற ஈபி-1ஏவைப் போட்டுப் பார்ப்பதை நான் ஆதரிப்பதில்லை.

கடைசியாக, முனைவர் பட்டத்தின் நான்காம் ஆண்டில் எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவி ஒருவர் இப்போதே என்.ஐ.டபிள்யூ. போடலாமா என்று கேட்டிருந்தார். முதுகலைப் பட்டமும், துறையில் கவனம் பெற்ற இரண்டு கட்டுரைகளும், தெளிவான ஆய்வுத் திட்டமும் இருந்து, விசா முத்திரைக்காக ஊருக்குப் போக வேண்டிய தேவை அடுத்த இரண்டு ஆண்டுகளில் இல்லையென்றால் போடலாம் என்பதே என் விடை. தங்கையின் திருமணத்துக்காக அடுத்த ஆண்டு ஊருக்குப் போகப் போவதாகவும், விசா அதற்குள் காலாவதியாகிவிடும் என்றும் அவர் எழுதியிருந்ததால், திருமணத்துக்குப் போய்ப் புது விசாவோடு திரும்பி வந்த பிறகு மனுவைத் தாக்கல் செய்யுமாறு அவருக்குச் சொன்னேன். அதுவரை கடிதங்களைத் திரட்டத் தொடங்கலாம்.